ஹேமநாத் மூடாத டேப்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. தாம்பரத்திலிருந்து போகும் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடமிருந்து எடுத்தது. அவள் போனில் சொன்னாள்: "அவன் இன்னும் அந்த டேபை மூடல ஏஞ்சல். தினமும் பாக்கறேன்." ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் இறங்கிப் போய்விட்டாள். நானும் அங்கேதான் இறங்க வேண்டும். அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தை யோசித்துக்கொண்டே செம்பாக்கம் வரை போய்விட்டேன்.

அந்த வாரம் பேப்பரில், பெரிய கம்பெனிகள் பிரவுசருக்காக அடித்துக்கொள்வதும் ஒருவர் ஆட்களை இன்னொருவர் இழுப்பதும் செய்தியாக வந்துகொண்டிருந்தது. டேப் என்றால் பிரவுசரில் திறந்து கிடக்கும் ஒரு பக்கம்தானே, இரண்டையும் சேர்த்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதைத்தான் எங்கள் தொழிலில் கற்பனை என்கிறோம்.

2

முதல் தொடக்கம்: "உலகின் இரண்டு பெரிய நிறுவனங்கள் மனிதர்களின் கண்களுக்காக மோதிக்கொண்ட காலத்தில்" — வேண்டாம். வர்த்தகப் பக்கம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "செம்பாக்கம் ஏரியில் அன்று நீர்க்கோழிகள்" — நீர்க்கோழிக்கு இங்கே என்ன வேலை?

மூன்றாவது: ஜெயசீலியும் ஹேமநாத்தும் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், ஒரே டீமில், பிரவுசர் செய்துகொண்டிருந்தார்கள். (உலாவி என்றும் எழுதலாம். அப்படிச் சொன்னால் ஜெயசீலி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கம்பெனியின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் அளவுக்கு எனக்கு எழுத வராது.)

இதுவே இருக்கட்டும்.

3

அவர்கள் வேலை இதுதான்: போனில் திறந்த பக்கம் கம்ப்யூட்டரிலும் தெரிய வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க இருவருக்கும் பொதுவாக ஒரு டெஸ்ட் அக்கவுண்ட் வைத்திருந்தார்கள். அவன் போனில் ஒரு டேபைத் திறப்பான். அவள் தன் கம்ப்யூட்டரில் வந்ததா என்று பார்ப்பாள்.

நாளடைவில் அவன் திறக்கும் பக்கம் ஒன்றே ஒன்றாகிவிட்டது. எதிர்சாரியில் இருக்கும் எத்திராஜ் டீக்கடையின் மேப். அது வந்தால் "டீக்கு வா" என்று அர்த்தம். அவளும் பதிலுக்கு அதே மேப்பைத் திறப்பாள். உடனே அவன் தன் டேபை மூடிவிட்டு எழுந்து நடப்பான். அவ்வளவுதான். பக்கத்து ஸீட்காரர்களுக்குக்கூடத் தெரியாது.

காதல் என்று எழுதட்டுமா என்று ஜெயசீலியிடம் மனசுக்குள் கேட்டேன்.

"அப்படி யாரும் சொல்லிக்கல சார்," என்றாள்.

4

எதிர் கம்பெனி ஹேமநாத்தை எடுத்துக்கொண்டது. பெங்களூரில், இதே வேலை, வேறு பிரவுசர். இந்த மாதிரி இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக் கம்பெனிக்குப் போகிறேன் என்று வாய் திறந்தால் அன்றைக்கே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு செக்யூரிட்டியோடு வாசல் வரை அனுப்பிவிடுவார்கள். ஜெயசீலி மீட்டிங் முடிந்து வந்தபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது.

பழைய டீம் ஆட்களோடு ஒரு வருஷத்துக்குத் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவளையும் அங்கே இழுத்துவிடுவானாம். அவன் பேசவில்லை. அவனே பேசட்டும் என்று அவளும் இருந்தாள்.

ஆனால் டெஸ்ட் அக்கவுண்டிலிருந்து ஹேமநாத்தின் சொந்த போன் வெளியேறவில்லை. அதில் ஒரு டேப் திறந்தே இருந்தது. எத்திராஜ் டீக்கடை.

5

இங்கேதான் எனக்கு ஹேமநாத் மேல் சந்தேகம். அந்த வசதியை எழுதியவனே அவன். டேப் அவள் திரையில் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் வேண்டுமென்றே விட்டிருக்கிறான். ஆனால் இந்த பிரவுசர்காரர்களைப் பற்றி விசாரித்தேன். திறந்ததை மூடும் பழக்கமே கிடையாதாம், ஒவ்வொருவர் போனிலும் டேப்கள் குப்பை மாதிரி குவிந்து கிடக்குமாம். அவன் மறந்தும்

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

என் மனைவி சாவித்ரி இதுவரை படித்துவிட்டுச் சொன்னாள்: "வருஷம் முடிஞ்சதும் ஒரு போன் போட்டு கேட்டா ஆச்சு. இதுக்கு எதுக்கு கதை?"

கேட்கலாம். "எந்த டேப்?" என்று அவன் திருப்பிக் கேட்டால்? அப்புறம் அவளுக்குத் தினமும் பார்க்க என்ன இருக்கிறது? சாவித்ரி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

6

வருஷமும் முடிந்தது. போன் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் சிவகுமார் அவள் ஸீட்டுக்கு வந்தார்.

"ஜெயசீலி, பழைய டெஸ்ட் அக்கவுண்ட் எல்லாத்தையும் இன்னிக்கு டெலீட் பண்ணிடுங்க. புது வெர்ஷன் வருது."

"எல்லாத்தையுமா சார்?"

"ஆமா. யாராவது யூஸ் பண்றாங்களா என்ன?"

"இல்ல சார்."

ஒரு முடிவு: அவள் அழிக்கிறாள், சாயங்காலம் மெஷின் மாதிரி வீட்டுக்குப் போகிறாள். எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

இன்னொரு முடிவு: எதிர் கம்பெனி அவளையும் கூப்பிடுகிறது, பெங்களூரில் இருவரும் டீ குடிக்கிறார்கள். சாவித்ரிக்குப் பிடித்திருந்தது. எனக்கும்தான். ஆனால் ஆட்டோவில் கேட்ட குரல் அப்படி முடிகிற குரல் இல்லை.

7

ஆகவே இப்படி. ஜெயசீலி மற்ற அக்கவுண்டுகளை எல்லாம் அழித்தாள். கடைசி ஒன்று மிச்சம். அழிப்பதற்கு முன் தன் பக்கத்திலிருந்து ஒரு டேபைத் திறந்தாள். எத்திராஜ் டீக்கடை. ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமான பதில்.

காத்திருந்தாள். எழுதுகிற நானும் காத்திருந்தேன், என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது. சிவகுமார் தூரத்திலிருந்து, "முடிஞ்சுதா?" என்றார். "ஒரு நிமிஷம் சார்" என்றாள்.

ஹேமநாத்தின் டேப் மறைந்தது. மூடிவிட்டான்.

பழையபடி டீக்கு எழுந்துவிட்டானா, இல்லை, இத்தனை நாள் கிடந்ததை அவள் ஞாபகப்படுத்திவிட்டதால் முடித்துக்கொண்டானா? திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அவள் அக்கவுண்டை அழித்தாள். இனி பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

எத்திராஜ் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "இன்னா மா, ரொம்ப நாளா ஆளையே காணோம். டீ ஒண்ணா, ரெண்டா?"

வாசகரே, அவளுக்குப் பதிலாக நான் சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தைதான், நீங்கள் சொல்லுங்கள். எத்திராஜ் கையில் கிளாஸோடு நிற்கிறார்.