மழை நின்ற கல்

விடிந்ததிலிருந்து எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பத்து மணிக்கு அதிகாரி வந்து ஓடையை அளக்கப் போகிறார். நாங்கள் பதினைந்து பேர், பக்கத்து ஆரியசாலைக் கடைவீதி ஆட்களும் சேர்த்து, மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் முழங்கால் சேற்றில் இறங்கிக் குப்பை அள்ளிய ஓடை. எதிர்க்கரையில் ஃபிளாட் கட்டுகிறவன் அதை நெருக்கி மதில் எழுப்பிவிட்டான். கரையிலிருந்து ஐந்து மீட்டர் விட வேண்டும் என்பது விதி. மனு எழுதி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியவள் நான்தான்.

எது கரை என்பதில்தான் வில்லங்கம். மீன மாத வெயிலில் தண்ணீர் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். இடவப்பாதி மழையில் அது ஏறி நின்ற இடத்தில், இரண்டு பக்கமும் நாங்கள் கல் நட்டுச் சுண்ணாம்பு பூசியிருந்தோம்.

நேற்று சாயங்காலம் தையல் டேப்பைக் கொண்டுபோய், எங்கள் பக்கத்துக் கல்லிலிருந்து என் தையல் அறைவரை அளந்தேன். மூன்றரை மீட்டர். இன்னொரு தடவையும் அளந்தேன். அளந்தால் கூடவா போகிறது? கை வளையலை விற்று, போன கோடையில் கட்டிய அறை. கோடைத் தண்ணீரைப் பார்த்துக் கட்டிவிட்டோம், புத்திகெட்டு. கல்லைப் பற்றி மூச்சு விடாதே என்றார் என் வீட்டுக்காரர் வேல்சாமி. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதிர்க்கரையில் அதிகாரி டேப்பின் நுனியைத் தண்ணீர் ஓரத்தில் வைத்தார். மதில்வரை ஐந்தரை. மதில் சரி என்றார். ஃபிளாட்காரன் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். வேல்சாமி கண்ணாலேயே கெஞ்சினார். அந்தப் பல்லைப் பார்த்த பிறகும் சும்மா இருக்க நான் என்ன மரக்கட்டையா?

“சாரே, வத்தின தண்ணில அளக்காதிங்கோ. மழையில தண்ணி நின்னது இந்தக் கல்லுல,” என்றேன்.

நான் மழைக்கணக்கு எழுதி வைத்த நோட்டை நீட்டினேன். நாங்கள் ஓடையில் இறங்கின நாள்முதல் எந்தத் தேதியில் தண்ணீர் எங்கே நின்றது, யார் பார்த்தது, எல்லாம் அதில் உண்டு. அந்தக் கல்லிலிருந்து மதில்வரை அளந்தார். மூன்று மீட்டர். மதிலை இடிக்க வேண்டும் என்று எழுதினார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள்.

எல்லாரும் எங்கள் கரைக்கு வந்ததும் ஃபிளாட்காரன் என் அறையைக் காட்டி, அப்போ அது மட்டும் சரியோ என்று கேட்டான். அதிகாரி தயங்கினார்.

“அது சின்ன முறியல்லே சேச்சி. பின்னே பாக்கலாம்.”

சரி சாரே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எனக்கு அழுகையும் வந்தது. டேப்பின் நுனியை வாங்கி, எங்கள் பக்கத்துக் கல்லில் அழுத்திப் பிடித்தேன்.

“இழுங்கோ சாரே. நேத்தே அளந்தாச்சு. மூணரை.”

வேல்சாமி தையல் அறைக்குள் போனார். தையல் மெஷினை முன்னறைக்கு இழுக்கும் சத்தம் கேட்டது.