காண்ட்ராக்டரின் கல்லறைக் கல்

அவளுக்கு வலது தோள் விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து கருங்கல்லில் எழுத்து வெட்டி, தேநீர் டம்ளரைத் தூக்கக்கூட இப்போது இடது கைதான். அந்த நேரம் பார்த்துப் பட்டறை ஷெட்டின் சொந்தக்காரரான காண்ட்ராக்டர் மனைவியோடு வந்து இறங்கினார். தெருவே அவளை உளி என்றுதான் கூப்பிடும். அவரும் அப்படியே கூப்பிட்டார்.

"ஏம்மா உளி, ஒரு கல்லறைக் கல் வேணும்."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். நான் செத்தா பசங்க மட்டமான கல்லா வாங்கிப் போட்டுருவானுங்க. இப்பவே செஞ்சு வச்சிட்டா நிம்மதி. பேரு, அதுக்குக் கீழே 'தொழிலாளர்களின் தோழன்'."

உளி டம்ளரைக் கீழே வைத்தாள். "பேரு வெட்டறேன். கீழ் வரி வெட்ட மாட்டேன்."

மூலையில் கல்லுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த அவள் அப்பாவின் கை ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. காண்ட்ராக்டரிடம் சாரம் ஏறி வேலை பார்த்தவர். இற்றுப்போன கயிறு அறுந்து விழுந்ததில் ஒரு கால் சூம்பிவிட்டது. கயிற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் காண்ட்ராக்டர் சொன்ன பதில்: "குடிச்சிட்டு ஏறினான்." அப்பாவோ சாராய வாடையே அறியாதவர்.

"ஷெட்டு யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா? நாளைக்கே காலி பண்ணச் சொல்லவா?"

பட்டறையில் கூடவே வேலை பார்க்கும் உளியின் கணவன் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "அடியே, கட்டில் செய்யற தச்சன், அதுல படுக்கறவன் யோக்கியனான்னு விசாரிக்கிறானா? இதை விட்டா எங்கே போவோம்?"

"கட்டில் பேசாதுங்க. கல்லு பேசும். நாம போனப்புறமும் பொய் சொல்லிக்கிட்டே நிக்கும்."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிரும்."

காண்ட்ராக்டர் பேரத்தில் இறங்கினார். "சரி, 'நேர்மையானவர்'?"

"ம்ஹூம்."

"'கொடை வள்ளல்'?"

அவர் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "'நல்லா சாப்பிட்டார்'னு போடும்மா. அதுக்கு நான் சாட்சி."

"நீ சும்மா இருடி!"

உளியின் கணவனுக்குப் பொறுக்கவில்லை. சாக்கட்டியை எடுத்துக் கல்லில் பேரையும், முதலாளி முதலில் கேட்ட கீழ் வரியையும் தானே எழுதினான். "நான் வெட்டறேன் முதலாளி. நீங்க படிங்க."

கல்லில் விழுந்த எழுத்தை அழிக்க முடியாது. அதனால் சாக்கட்டி எழுத்தை, கல் கேட்டவர் பட்டறையே கேட்கும்படி வாய்விட்டுப் படித்தாக வேண்டும்; அப்புறம்தான் கல்லில் வெட்டு விழும். உள்ளூர் மந்திரி வந்தாலும் இதுதான் முறை.

காண்ட்ராக்டர் தொண்டையைச் செருமினார். "தொழி..."

அப்பா சூம்பிய காலை நீட்டிப் போட்டார். "சத்தமா படிங்க முதலாளி. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

உளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எறும்பு ஊர்ந்தாலும் கேட்கிற காது அது.

"தொழிலா..." இருமினார். தண்ணீர் குடித்தார். "தொழிலாளர்..." கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. ஒரு தெரு தள்ளி நின்றே ஆட்களை அதட்டுகிற குரல், அந்த வரியின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

"வெயில் ஜாஸ்தி," என்றார். "பேரு மட்டும் போதும்மா."

உளி ஈரத்துணியால் கீழ் வரியைத் துடைத்தாள். பேரை மட்டும் அவர் கணீரென்று படித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியலைத் தூக்கினாள்.

ஷெட் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. கிளம்பும்போது அப்பாவின் முன்னால் ஒரு நொடி நின்றார். வாய் திறந்தது. "வர்றேன்" என்று மூடிக்கொண்டது.

கல்லுக்குண்டான காசை முழுசாக வைத்துவிட்டுத்தான் போனார். 'அவன் குடிக்கல, என் கயிறுதான் இத்துப்போயிருந்துச்சு' என்று நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டியது மட்டும் அப்பாவுக்கு இன்னும் பாக்கி.