நாலாவது பிள்ளை

செத்துப்போன தம்பியின் வாயில் மூன்றாவது சிட்டிகை அரிசியை இடும்போதுதான், வாசலில் இன்னொரு தம்பி வந்து நிற்பதை ரெண்டக்கா பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

சைகோன் பக்கத்தில் தலைப்பிள்ளையை ஒன்று என்று யாரும் கூப்பிடுவதில்லை. பேய் முதல் பிள்ளையைத்தான் தேடி வருமாம். அதனால் எண்ணிக்கையே ரெண்டில் தொடங்கும். சொந்தப் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. அவள் ரெண்டு. அடுத்தவன் மூணு, பால்குடியிலேயே போனவன். கட்டிலில் கிடப்பவன் நாலு. வாசலில் நிற்பவன் அஞ்சு.

உறவில்லாவிட்டாலும் ஊரே எட்டண்ணன் என்று கூப்பிடும் ரௌடி கால்வாயில் வழிப்பறி செய்த காலத்தில், ரெண்டக்கா அவனைத் தன் படகுப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்துச் சோறு போட்டதுண்டு. இப்போது பிரெஞ்சுக்காரர்கள் நகரத்துக் காவலையே அவனிடம் ஒப்படைத்திருந்தார்கள். திருடன் கையில் சாவி. அபினிப் படகு ஒன்று காணாமல் போனதும், அதற்குக் காவலிருந்த நாலையும் அஞ்சையும் பிடித்து அடைத்துவிட்டான். நேற்று அவள் போய்க் காலில் விழுந்தாள்.

"தின்ன சோத்துக்காக ஒருத்தனை விடுறேன். யாருன்னு நீயே சொல்லு," என்றான்.

அவள் நாலு என்றாள். பக்கத்தில் இருந்த எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டான். நாலுக்கு இரண்டு குழந்தைகள். அஞ்சு ஒண்டிக்கட்டை, சூதாடி.  வீட்டுக்கு வந்து நாலின் மனைவி தியெப்பிடம், "ஒரு ஆளுக்குச் சேத்து உலை வை," என்று மட்டும் சொன்னாள்.

காலையில் நாலு பிணமாக வந்தபோது, எட்டண்ணன் சொல் தவறிவிட்டான், இருவரையும் கொன்றுவிட்டான் என்றே நினைத்தாள்.

அஞ்சுவின் பின்னால் காவல் வண்டி வந்து நின்றது. எட்டண்ணன் மலர்வளையம் அனுப்பியிருந்தான். கூடவே நேற்று குறித்துக்கொண்ட எழுத்தர், ஹனோயிலிருந்து புதிதாக வந்த கண்ணாடிக்காரன்.

"அம்மா, விடுதலைச் சீட்டு. இதுல ஒரு கைநாட்டு," என்றான் பணிவாக. குடும்பப் பதிவைப் பிரித்துத் தாழ்ந்த குரலில் விரல் மடக்கினான். "ஒண்ணு நீங்க. ரெண்டு, சின்னதுலயே தவறினவரு. மூணு, உள்ள இருக்கிறவரு. நாலு, இந்தத் தம்பி. நீங்க சொன்னபடிதானே?"

வடக்கே ஹனோய் பக்கம் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அவளுக்கு அது தெரியாததல்ல. ஒரே ஒரு முறை பெயரைச் சொல்லியிருந்தால் போதும். இல்லை, வாயையே திறக்காமல் இருந்திருக்க வேண்டும். அவள் கைநாட்டு வைத்தாள்.

வண்டி போனதும் அஞ்சு அவள் காலடியில் உட்கார்ந்தான். கன்னம் வீங்கியிருந்தது.

"ரெண்டக்கா, நான் ஒரு தறுதலை. என்னைப் போய் ஏன் கேட்டே? நாலண்ணனைக் கேட்டிருக்கலாம்ல."

தலைமாட்டில் குழந்தைகளோடு இருந்த தியெப்பின் அழுகை நின்றது. மெல்லத் திரும்பினாள்.

"சொல்லுங்க ரெண்டக்கா. யாரைக் கேட்டீங்க?"

ரெண்டக்கா பிணத்தைப் பார்த்தாள். அவனுக்கு இனி எதைச் சொன்னாலும் ஒன்றுதான். அஞ்சு அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். உயிரோடு இருக்கிற கை, சூடாக இருந்தது.

"இவனைத்தான்," என்றாள். "கடைக்குட்டியாச்சே."

அஞ்சு அவள் மடியில் முகம் புதைத்து அழுதான். தியெப் மூத்த குழந்தையின் தலையில் துக்கத்துக்கான வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டினாள். இளையவனுக்கும் கட்டினாள்.

வெகுநேரம் கழித்து, இறந்தவனுக்கு வைக்கிற கிண்ணத்தில் ரெண்டக்கா சோற்றைக் குவித்து, மேலே அவித்த முட்டையை வைத்தாள். நேற்று ஒரு ஆளுக்குச் சேர்த்து வடித்த சோறு. தியெப் எழுந்து வந்து கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"விடுங்க. அவருக்கு நான் வச்சுக்கிறேன்."

சாப்பிடும் குச்சிகளையும் அவளே சோற்றில் செருகித் தலைமாட்டில் வைத்தாள்.

ரெண்டக்காவின் உள்ளங்கையில் நாலைந்து பருக்கைகள் ஒட்டியிருந்தன. அவள் கையை மூடிக்கொண்டாள்.