அண்ணன் ஏறாத ரொக்கெட்

எங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவரிடமும் மூச்சு விடமாட்டார். அன்று காலையும் உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்து, இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். எனக்கு இது பிறகுதான் தெரியவந்தது.

அண்ணன் சாம்பவன் விண்வெளி நிலையத்துக்குப் போகுமுன் பிரெஞ்சு பேசும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த கடைசி நாள் அது. மறுநாள் புளோரிடாவில் தனிமைப்படுத்தல் தொடங்கும். கூடப் போகிறவர்கள் ஒரு அமெரிக்கர், ஒரு ஜப்பானியர், ஒரு ரஷ்யர். காய்ச்சல், இருமல் உள்ள யாரும் அண்ணனை நெருங்கக்கூடாது என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அம்மாவை வெளியே நிறுத்திவிடுவார்கள். பிறகு எட்டு மாதத்துக்குப் பிள்ளையைக் காணமுடியாது.

புறப்படும்போது அண்ணன் குனிந்தார். அம்மா திருநீறு பூசி, தூள் கண்ணில் விழாமல் நெற்றியில் ஊதிவிட்டார். பரீட்சைக்கும் பயணத்துக்கும் எப்போதும் அப்படித்தான் ஊதுவார்.

சில நாளில் அண்ணனுக்குக் காய்ச்சல். அவருடைய இடம், மாற்று ஆளாக நின்ற இத்தாலியப் பெண்ணுக்குப் போனது. பயணத்துக்குப் பொறுப்பான டொக்டர் போனில் விசாரித்தபோது, "வீட்டில ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை எண்டு சொல்லு, கௌசலா" என்றார் அம்மா. நானும் பிரெஞ்சில் அப்படியே சொன்னேன். நம்பித்தான் சொன்னேன், மடைச்சி.

ரொக்கெட் கிளம்பியதை ரீவியில் பார்த்தோம். நால்வரில் எங்கள் ஆள் இல்லை. அம்மா தேம்பத் தொடங்கினார்.

"நான்தான், பிள்ளை, எல்லாத்தையும் கெடுத்தனான்."

முழுவதையும் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வளர்ந்த மனிசி செய்யிற வேலையே இது?" என்று கத்திவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

அண்ணனுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

"தம்பி, எனக்கு அண்டைக்குக் காய்ச்சல். மறைச்சுப்போட்டன். இப்பவே டொக்டரிட்டைச் சொல்லப்போறன்."



"தெரியும் அம்மா. திருநீறு பூசேக்கை உங்கட விரல் சுட்டது."

"பிறகேன் விலகாமல் நிண்டனி?"

"உங்கட கையைத் தட்டிவிட்டுப் போக மனம் வரேல்லை." குரல் தணிந்தது. "டொக்டரிட்டைச் சொல்லாதேங்கோ. சுகமில்லாத ஆக்களோட நிக்கேல்லை எண்டு நானும் அவையளுக்குச் சொல்லிப்போட்டன். தெரிஞ்சும் மறைச்சனான் எண்டு வந்தால், அடுத்த பயணமும் இல்லை."

அம்மா தலையாட்டினார். அது அண்ணனுக்குத் தெரியாதே என்று நான்தான் "ஓம்" என்றேன்.

அடுத்த நாள் டொக்டர் மறுபடி எடுத்தார். விசாரணையை முடிக்குமுன் இன்னொருமுறை கேட்கிறாராம். போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லு."

இந்தமுறை தெரிந்தே சொன்னேன். டொக்டர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அம்மா வெகுநேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது, பிள்ளை?" என்றார்.