இரண்டாவது சாவிக்காரர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கடையின் திருட்டு அலாரம் பட்டப்பகலில் அலறியது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள் மட்டும், கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்ட நேரம் பார்த்துப் புடவை விலையைக் குறைத்துக் கேட்டார். சத்தம் நின்றால் போதும் என்றிருந்த மனிதர் தலையாட்டிவிட்டார். வியாபாரிகள் வீட்டில் வளர்ந்த எனக்கே அந்த உத்தி புதிது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பட்டு என்றால் காஞ்சி, காஞ்சி என்றால்

(வேண்டாம். சுற்றுலா விளம்பரம்.)

சைரன் அலறியபோது கோதண்டபாணி திருப்பதி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

இது பரவாயில்லை. பிடித்துக்கொள்கிறேன்.

2

கடை காஞ்சிபுரத்தில். கடைச் சாவி அவர் இடுப்பில். போனைக் கோயில்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பூட்டிய கடைக்குள் சைரன் காலையிலிருந்து கத்தி, பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளையெல்லாம் தோற்கடித்தது.

ஊரில் புது விதி வந்திருந்தது. அலாரம் வைக்கும் கடைக்கு அனுமதி வேண்டும். வருஷத்தில் மூன்று முறை வீணாக அடித்தால் அனுமதி போகும். உரிமையாளர் இல்லாத நேரத்தில் ஓடிவந்து திறக்க, பக்கத்திலேயே குடியிருக்கும் இரண்டாவது சாவிக்காரர் ஒருவர் வேண்டும்.

(நகராட்சிக்குப் போன் போட்டு விசாரிக்காதீர்கள். விதி என்னுடையது. கதைக்காகப் போட்டது.)

"உங்களுது மூணு ஆயிடுச்சு சார்" என்றார், அவர் ஊர் திரும்பியதும் கடைக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் ரேவதி.

"மூணுன்னா மூணுதானா மேடம்? மொதல்ல அடிச்சது கருடசேவை வேட்டுக்கு. அது பெருமாள் கணக்கு. அடுத்தது பெருச்சாளி. எங்க கணக்குல ஒண்ணுதான் நிக்குது."

"சட்டத்துலயே பேரமா?"

"கேட்டுப் பாக்கறதுதானே மேடம்."

ரேவதி சிரித்துவிட்டார். வியாபாரத்தில் சிரித்தவர் பாதி இறங்கியவர். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாவது சாவிக்காரர் வந்துவிட்டால் அனுமதி இருக்கும். இல்லாவிட்டால் அனுமதி போகும். அதோடு சரக்குக்கான இன்சூரன்ஸும்.

3

யாரைப் போடுவது? மகன் யுவனுக்கு ஒரகடத்தில் ஷிப்ட். மனைவி கமலவேணிக்கு மூட்டுவலி, ஷட்டரைத் தூக்க முடியாது.

"நம்ம சுகாசினி இருக்கறா இல்ல?" என்றாள் கமலவேணி.

அந்த வீட்டில் 'நம்ம' என்ற சொல் அந்தப் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சுகாசினி, யுவனின் மனைவி. மாகறல் பக்கத்தில் காலனித் தெருவில் பிறந்தவள். ஸ்கேன் சென்டரில் வேலை; குடியிருப்பது இவர்களுக்கு அடுத்த தெருவில். கல்யாணத்தைக் கோதண்டபாணி தடுக்கவில்லை. போனார், மொய் எழுதினார், சாப்பிடவில்லை. சுகர் என்றார். அன்று சாயங்காலமே ஜாங்கிரி

(இந்த வரியைப் பலமுறை அடித்தேன். சரி, இருக்கட்டும். தின்றார்.)

அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போனதில்லை. அவள் கடைக்கு வந்ததில்லை. இந்த ஆளைக் கெட்டவராக எழுதிவிட முயன்றேன். ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார். கடையைப் பூட்டியபின் தினமும் மகன் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். மாடியில் விளக்கு எரிந்தால் வண்டியை மெதுவாக்குவார். எரியாவிட்டால் நிறுத்தியே விடுவார்.

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

4

வெள்ளிக்கிழமை காலை சுகாசினி கடைக்கு வந்தாள்.

"வாம்மா, உக்காரு."

"பரவால்ல மாமா. ட்யூட்டிக்குப் போவணும். அத்தை சொன்னாங்க, சாவி வாங்கிக்கச் சொல்லி."

கோதண்டபாணி இடுப்பிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்தார். கண்ணாடி மேசைமேல் வைத்தார். கையை இழுத்துக்கொண்டார்.

அவள் எடுக்கவில்லை.

[அடிக்குறிப்பு, அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கே: அந்தக் குடும்பத்தில் கடைச் சாவியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் கடையே கைமாறிப் போய்விடும் என்று பயம். ஒருவர் வைப்பார், மற்றவர் எடுப்பார்.]

"எடுத்துக்கோம்மா."

"கையில குடுங்க மாமா."

"இது எங்க பழக்கம்மா. எங்கப்பா எனக்கே வெச்சுத்தான் குடுத்தாரு."

"எங்கம்மாவுக்கும் வெச்சுத்தான் குடுத்தாங்க மாமா, கூலிய. வரப்பு மேல வெச்சுட்டுத் தள்ளி நின்னுக்குவாங்க."

கோதண்டபாணி மேசைமேல் இருந்த சாவியைப் பார்த்தார். எந்தச் சரக்குக்கும் பதில் விலை சொல்லிப் பழகியவர்.

"சத்தியமா நான் அதுக்கு வெக்கலம்மா."

"தெரியும் மாமா. அதான் இன்னும் நின்னுக்கினு இருக்கேன். இல்லன்னா எப்பவோ போயிருப்பேன்."

அவள் கைப்பையைத் திறந்தாள். ஒரு சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"உங்க பழக்கம் உங்க கடை சாவிக்குத்தானே? இது எங்க வீட்டு சாவி. நானும் அவரும் ஒரே நேரத்துல ட்யூட்டின்னா, கேஸ மூடினமான்னு போய்ப் பாக்கக்கூட ஆளில்ல. இத என் கையிலேர்ந்து வாங்கிக்குங்க. அப்புறம் உங்க சாவி தரையில கெடந்தாலும் நான் எடுத்துக்கறேன்."

(என் பரம்பரையில் இதைவிடச் சுத்தமான பேரத்தை நான் கேட்டதில்லை. நான் எழுதியதுபோலவும் இல்லை. அவளே பேசினாள்.)

5

முடிவு ஒன்று: வாங்கிக்கொள்கிறார், கண் கலங்குகிறது, கமலவேணி காபியோடு வருகிறாள். எழுதி முடித்தபோது எனக்கே அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: "யோசிச்சுச் சொல்றேம்மா" என்கிறார். ஊரில் தினமும் நடப்பதுதான், எழுதுவது சுலபம். ஆனால் அதை எழுத அவள் நீட்டிய கையை மடக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, அவள் கையைப் பார்த்தபடி கோதண்டபாணி

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். வழக்கம்போல விலையைக் குறைத்துக் கேட்க வாயைத் திறந்தார். குறைக்க ஒன்றும் இல்லை. வலது கை மேசையை விட்டுக் கிளம்பிவிட்டது. மீதி, ஒரு முழம்கூட இருக்காது. அந்த ஒரு முழத்தை நான் எழுதினால் அது அவர் செய்ததாக இருக்காது, நான் செய்வித்ததாகிவிடும். அதனால் இந்தக் கையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கிளப்பியது நான், சேர்ப்பது உங்கள் பாடு.

ரொம்ப யோசிக்காதீர்கள். அவள் நீட்டிக்கொண்டே நிற்கிறாள்.