இரண்டும் இடது

ஆட்டுத்தோலில் மிச்சம் இருந்தது ஒரே துண்டு. நேற்று வலது காலணியைப் புரட்டும்போது நுனி டர்ரென்று கிழிந்ததால், விடிந்ததிலிருந்து அந்தத் துண்டில் மறுபடி வெட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். வாங்கி வைத்த வெண்ணெய் தடவிய பிரெட்செல் ரொட்டி கடிக்காமலே கிடந்தது. பதினோரு மணிக்கு அருங்காட்சியகத்தில் திறப்பு விழா. அகழாய்வாளர் வில்ட்ரூட் மேடம், பழங்கால முறையில் நான் தைக்கும் இந்தக் காலணிகளைப் போட்டுக்கொண்டுதான் மேடையேறப் போகிறார். மணி பத்தே கால்.

எங்கள் ஏரிக்கரைச் சதுப்பில் ஆயிரத்து முந்நூறு வருஷம் கிடந்த ஓர் இளம்பெண்ணின் கல்லறையைத் தோண்டியது மேடம்தான். அவள் காலில் இருந்த இரண்டு காலணிகளும் இடது காலுக்கானவை. செத்தவள் திரும்பி நடந்து வந்துவிடக் கூடாதென்று பயந்து ஊரார் வேண்டுமென்றே அப்படி மாட்டி அனுப்பினார்கள் என்று மேடம் புத்தகமே எழுதினார். இருபது வருஷமாக அவருக்குப் பேர் வாங்கித் தந்தது அதுதான். எனக்கென்ன, நான் தைக்கிறவள்; மேடையில் நடக்க வலதும் இடதுமாக ஒரு ஜோடி கேட்டார், தைத்தேன்.

இந்த வகைக் காலணியை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, நனைத்து, பிறகு புரட்ட வேண்டும். புரட்டுகிற அந்த ஐந்து நிமிஷம் உயிர் போய் உயிர் வரும்.

அருங்காட்சியகத்தை ஒட்டிய என் பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மேடம் வந்தார்.

"இர்மெலா, டூபிங்கன் யுனிவர்சிட்டில இருந்து பேராசிரியருங்க எல்லாம் வந்தாச்சு. முடிஞ்சுதா இல்லையா?"

"பேசாம நில்லுங்க மேடம். இதுவும் கிழிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு."

"உனக்கா? போன சந்தையில பழங்காலச் செருப்புன்னு நைலான் நூல்ல தைச்சவனை ஊசியோட துரத்தினவதானே நீ!"

காலணியின் குதிப்பக்கத்தை உள்ளே அழுத்தினேன். நுனியில் கட்டைவிரலை வைத்து இம்மி இம்மியாகத் தள்ளினேன். ஒரு தையல் விட்டது. மூச்சை நிறுத்தினேன். மற்றவை பிடித்துக்கொண்டன. சளக்கென்று வெளியே வந்தது, முழுசாக.

முதலில் முடித்த இடது காலணியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதுவும் இடது. வலது காலுக்கு அளவு அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். அவசரத்தில் இடதுக்கு வைத்த மாதிரியே வைத்திருக்கிறேன். முப்பது வருஷத் தொழில், வெட்கக்கேடு!

மேடம் முகம் மலர்ந்தது. "அடிப்பாவி! கல்லறையில இருந்த மாதிரியே செஞ்சுட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மையைச் சொன்னால் என் மானத்தோடு அவர் புத்தகமும் போய்விடும்.

"இல்ல மேடம். தப்பா வெட்டிட்டேன். வேற தோல் இல்ல, நேரமும் இல்ல." இரண்டையும் அவர் பக்கம் தள்ளி வைத்தேன். "அவனுக்கும் இப்படித்தான் ஆயிருக்கும்."

"யாருக்கு?"

"கல்லறையில கிடந்தவளுக்குத் தைச்சவனுக்கு. விடிஞ்சா அடக்கம். அதுக்குள்ள முடிக்கணும்."

"உளறாத! நீ ஒரு தப்புப் பண்ணிட்டு, அதை வச்சு என் இருபது வருஷ உழைப்பை..."

நிறுத்திக்கொண்டார். இரண்டு காலணிகளையும் எடுத்துத் தையலை விரலால் தடவினார். முதலில் தைத்ததில் பொடிப்பொடித் தையல். இன்று தைத்ததில் அகலம் அகலமாக, கோணல்மாணலாக. கல்லறையில் கிடைத்த ஜோடியும் அப்படித்தான், ஒன்று நெருக்கம், மற்றது அலங்கோலம். அதை ஒவ்வொரு தையலாக அளந்து எழுதியவரே அவர்தான்.

வெளியே வாத்தியக்குழு வாசிக்கத் தொடங்கியது.

"ஊர்க்காரங்க பயந்து செய்யலடி," என்றார் மேடம் மெதுவாக. "அவ செத்த துக்கத்துல அழுதுக்கிட்டே அவசரமா தைச்சிருக்கான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் தைத்ததை இடது காலிலும், ஈரம் காயாத இன்னொன்றை வலது காலிலும் இழுத்து மாட்டினார். புத்தகத்தை வைத்து எழுதிக் கொண்டுவந்திருந்த உரையை என் மேஜையிலேயே விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே மேடைக்குப் போனார்.