இலகுவான வேலை

கடிதத்தை அவள் நான்கு முறை படித்தாள். முதல் மூன்று முறையும் ‘உங்கள் இயலாமை உதவித்தொகை மனு நிராகரிக்கப்படுகிறது’ என்ற வரியிலேயே கண் முட்டிக்கொண்டு நின்றது. நான்காவது முறைதான் அதற்குக் கீழே இருந்த காரணம் மண்டையில் ஏறியது. ‘மனுதாரர் உட்கார்ந்தபடி தலையணை உறை மடிக்கும் இலகுவான வேலையில் இருந்தவர் என்று நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சான்றளித்துள்ளார். அவ்வேலையை அவரால் இப்போதும் செய்ய இயலும்.’

“தலையணை உறையா?” என்றாள், சுவரைப் பார்த்து.

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக அவளுக்குப் பெயரே ‘புல்டோசர்’தான். இயந்திரம் துவைத்துத் துப்பும் ஈர விரிப்புகளை வாரி வண்டியில் நிரப்பி, லிஃப்டில் ஏற்றி, மாடியில் உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோவது அவள் வேலை. லிஃப்ட் கெட்டுப்போன வாரம், அதைச் சரிபண்ணச் சொல்லி மூன்று முறை மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றாள். மூன்றாம் முறை அவர் தலையைக்கூடத் தூக்காமல், “புல்டோசருக்கு எதுக்கும்மா லிஃப்ட்?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் பிற்பாடு அவளுக்கு ஆறவே இல்லை.

அன்று மதியம் ஈர மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறும்போது இடுப்பில் ஏதோ சடக்கென்றது. முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை நசுக்கிவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலது கால் பாதி மரக்கட்டைதான். இருபது நிமிடம் உட்கார்ந்தால் எழுந்து நிற்க வேண்டும். இருபது நிமிடம் நின்றால் படுக்க வேண்டும்.

கடிதம் வந்த மறுநாளே சலவைக்கூடத்துக்குப் போனாள். காவலாளி உள்ளே விடவில்லை. மேற்பார்வையாளரே வாசலுக்கு வந்தார்.

“நான் என்னைக்கு சார் தலையணை உறை மடிச்சேன்?”

“மேல இருந்து எழுதச் சொன்னாங்க, எழுதினேன். லிஃப்ட் விஷயம் வெளிய வந்தா இந்த இடத்தையே மூடிடுவாங்க. எத்தனை பேர் வயித்துல அடிக்கச் சொல்ற?” சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். “உனக்கென்ன, வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுறார். ராணி மாதிரி படுத்துக் கிட.”

அவள் திரும்பிவிட்டாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்ற பயம். அந்த ஆள் முன்னால் அழுவதைவிட நாக்கைக் கடித்துக்கொள்வது மேல்.

“விட்டுத் தொலை, கடவுள் பார்த்துக்குவார்” என்றார் கணவர் அன்று மாலை.

“அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். இதை நானே பார்த்துக்கிறேன்.”

மேல்முறையீடு போட்டாள். உதவித்தொகை அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மாள் கெட்டவரில்லை. “நீங்க என்ன வேலை பார்த்தீங்கன்னு பொறுப்புல இருந்தவங்க யாராவது எழுதித் தரணும்மா. அது வராம இந்த ஃபைல் நகராது” என்றார். கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். “அக்கா, என் வேலை போயிடும்க்கா” என்றார்கள், ஒருத்தி பாக்கியில்லாமல். அவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. இருந்த கோபம் மொத்தமும் ஒரே ஆளுக்குத் தேவைப்பட்டது.

படுத்தே கிடந்தவளுக்கு யோசிக்க நேரம் எக்கச்சக்கம். மேற்பார்வையாளர் மாடிப்படியில் உருண்டார், நடுரோட்டில் பிச்சை எடுத்தார், நாக்கில் கொப்புளம் வந்து வெறும் தண்ணீரில் உயிர் வாழ்ந்தார். கூரையைப் பார்த்தபடி அவரை அவள் எப்படியெல்லாமோ கொன்றாள். ஆனால் மறுநாள் காலை அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

ஒன்றரை வருடம் அலுவலகத்துக்கு நடந்ததில் ஒரே ஒரு லாபம், படிவம் அத்துப்படியாகிவிட்டது. எந்தக் கேள்வி கண்ணி, எந்தக் கட்டத்தில் ‘சில நாட்கள் முடியும்’ என்று எழுதினால் மனு செத்தது என்று அவளுக்குத் தெரியும். வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய், அவர்கள் அவளைத் தேடி வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள்.

அப்படித்தான் ஒரு நாள் முன்பகலில் அந்தப் பெண்மணி வந்தாள். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், வலது கையும் காலும் போய்விட்டன, நாலு மாதமாகிறது என்றாள்.

“எங்க வேலை பார்த்தாரு?”

சலவைக்கூடத்தின் பெயரைச் சொன்னாள் வந்தவள். மேற்பார்வையாளர் என்றாள். “அவர் உக்காந்து பேனா பிடிச்ச ஆளுன்னு கம்பெனில எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. இடது கையால பிடிக்கட்டும்னு மனுவைத் தள்ளிட்டாங்க. இப்ப புதுசா போடணும்.”

புல்டோசருக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று ஓர் ஆனந்தம் ஓடியது. வெட்கமில்லாமல் அதை அனுபவித்தாள்.

“அவர் எங்க?”

“கீழ, ஆட்டோல.”

“மேல வரச் சொல்லுங்க.”

“ரெண்டு மாடி ஏறணுமேம்மா…”

“நானும்தான் ஏறுறேன்.”

முப்பத்தாறு படி. அவள் கதவைத் திறந்துவைத்து, நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். ஒரு காலின் சத்தம், இழுபடும் இன்னொரு காலின் சத்தம், நடுநடுவே மூச்சு. ஒவ்வொரு படியையும் காதால் எண்ணினாள். கடைசித் திருப்பத்தில் அவர் நிமிர்ந்தார், அவளைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

“இவளா?” என்றார் மனைவியிடம். பிறகு, “வா, போயிடலாம்.”

“எங்க போறது? ஊர்ல எல்லாரும் இவங்ககிட்டதான் வர்றாங்க” என்றாள் மனைவி. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

புல்டோசர் அவர்களை உள்ளே உட்காரவைத்து, படிவத்தில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாக, சத்தமாகக் கேட்டாள். தானாகக் குளிக்க முடியுமா? சட்டைப் பொத்தான் யார் போடுவது? கழிவறையில் துணைக்கு ஆள் வேண்டுமா? அவர் தரையைப் பார்த்துப் பதில் சொன்னார். முணுமுணுத்த பதில்களை, “கேக்கலை” என்று திரும்பச் சொல்லவைத்தாள். இந்தக் கேள்விகளை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, பின்னால் முப்பது பேர் கேட்க, அவள் பதில் சொல்லியிருக்கிறாள்.

“உங்க வேலை வெறும் பேனா வேலைதானா?”

“ஆள் பத்தாத நாள்ல நானும் தூக்குவேன்.”

“எதை?”

“ஈர விரிப்பு.”

“யார் தூக்குற விரிப்பு அது?”

மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

புல்டோசர் ஒரு வெள்ளைத்தாளை மேஜையில் வைத்தாள். “முதல்ல என்னோடது எழுதுங்க. அப்புறம் உங்களோடது எழுதலாம். நான் என்ன வேலை பார்த்தேன், லிஃப்ட் எத்தனை நாளா கெட்டுக் கிடந்துச்சு, நான் எத்தனை தடவை வந்து சொன்னேன், நீங்க என்ன பொய் எழுதினீங்க. எல்லாம்.”

“கை வராதும்மா அவருக்கு. சொல்லட்டும், நான் எழுதுறேன்” என்றாள் மனைவி.

“இடது கையால எழுதட்டும். ஆபீஸ்ல அப்படித்தானே சொன்னாங்க?”

ஒரு பக்கம் எழுத ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. பேனா மூன்று முறை கீழே விழுந்தது. மூன்று முறையும் மனைவிதான் குனிந்து எடுத்தாள். மூன்றாம் முறை எடுத்தவள் தாளைப் படித்துவிட்டு அவரிடம், “இப்படியா பண்ணீங்க?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். புல்டோசர் எழுந்து நின்று முதுகை நிமிர்த்திக்கொண்டாள். உட்கார்ந்து இருபது நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. அவள் கவனிக்கவேயில்லை.

அவருடைய படிவத்தையும் அவள் சுத்தமாக நிரப்பினாள், ஒரு கட்டம் பிசகாமல். அவர் எழுதிய தாளை அலுவலகத்துக்கு எடுத்துப்போகப் பையில் வைத்தாள், படிவத்தை மட்டும் வைக்கவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“முதல்ல எனக்கு வரட்டும். இன்னொரு இடத்துல நிரப்பிக்கிறதுன்னா தாராளமா போங்க” என்றாள்.

அவர்கள் போகவில்லை. வாராவாரம் அந்த மனைவி வந்து வாசலில் நின்றாள். கெஞ்சவில்லை, திட்டவில்லை, “வந்துச்சாம்மா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவாள். நாலாவது வாரம் புல்டோசரின் கணவர் பொறுக்க முடியாமல் கேட்டார்: “அந்த ஆள் மேல கோபம் சரி. இந்தப் பொம்பளை என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணலை. நீங்களும்தான் ஒரு தப்பும் பண்ணலை. ஒன்றரை வருஷமா என்னைத் தூக்கி உக்கார வச்சுக் கஷ்டப்படலையா?”

அவர் தட்டை எடுத்து அவளுக்குச் சோறு போட்டு வைத்தார். ஆனால் அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஏழாவது வாரம் உத்தரவு வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. லிஃப்ட் பற்றித் தனியாக விசாரணை என்றும், சலவைக்கூட முதலாளிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது என்றும் மூன்றாம் ஜன்னல் அம்மாள் ரகசியமாகச் சொன்னார். அன்று மதியமே மேற்பார்வையாளரின் படிவத்தைத் தன் கையால் கொடுத்தாள். அவருக்கும் கிடைத்தது. ஆனால் மனு வந்து சேர்ந்த தேதியிலிருந்துதான் கணக்கு. அலமாரியில் கிடந்த ஏழு வாரம் போனது போனதுதான். அது அவளுக்கு முதலிலேயே தெரியும்.

வருடத்துக்கு ஒரு முறை உயிரோடு இருக்கிறோம் என்று நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வருடம் போனபோது அலுவலகக் கூடத்தில் ஒரே ஒரு பெஞ்சு, அதில் அவர். அவளைக் கண்டதும் நல்ல காலை ஊன்றி மெல்ல நகர்ந்து இடம்விட்டார்.

“உக்காருங்கம்மா” என்றார். ‘ங்க’ போட்டு அவர் அவளிடம் பேசியது அதுவே முதல் தடவை.

அவளுடைய கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. வரிசையில் முன்னால் பதினெட்டுப் பேர். அவள் எதிர்ச் சுவரில் சாய்ந்து, அவர் முகத்தைப் பார்த்தபடி, தன் முறை வரும்வரை நின்றாள்.